இன்னொரு வாய்ச் சோறு

"களைக்கிறதுக்கு முன்னாடியே பயிற்சியை நிறுத்திடறாங்க, டாக்டரம்மா. இப்படி வேலை செஞ்சா நான் என்னைக்கு எந்திரிக்கிறது?" என்றார் மாதையன்.

கிணறு வெட்டிப் பிழைத்தவர். பாறை வந்தால் இன்னும் ஓங்கி அடிப்பாரே தவிர, கடப்பாரையைக் கீழே வைத்து அறியாதவர். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு நரம்புகள் பழுதாகி, காலும் கையும் தொண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிப்போயின. இப்போது மூக்கில் குழாய். அதன் வழியாகத்தான் கஞ்சி.

அந்த மறுவாழ்வு மருத்துவமனையில் காலுக்கு ஒருவர், கைக்கு ஒருவர், தொண்டைக்கு ஒருவர் என்று மூன்று பேர் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெயரெல்லாம் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கால்காரம்மா, கைக்காரர், தொண்டைக்காரம்மா. அவ்வளவுதான்.

மூவருக்கும் மேலே ரெஜினா டாக்டர். மாதையனுக்கு மகள் வயது. அவர் மூவரையும் கட்டிலருகே அழைத்தார்.

"முழுங்கறது தேறிடுச்சு. குழைஞ்ச சோறு கொடுக்கலாம். ஆனா வீட்டம்மா ஊட்ட வந்தா வாயைத் திறக்க மாட்டேங்கிறார்," என்றார் தொண்டைக்காரம்மா.

"என் கையால சாப்பிடுவேன். இல்லாட்டி இந்தக் குழாயோடவே செத்துப்போறேன்," என்றார் மாதையன்.

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த அவர் மனைவி வெள்ளையம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கையில போன வாரம் இருந்த பிடி இந்த வாரம் இல்ல. ஏன்னு தெரியல," என்றார் கைக்காரர்.

"உங்களுக்குமா? நான் வரும்போதே இவர் கால் நடுங்குது," என்றார் கால்காரம்மா.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் பயிற்சி மட்டும்தான் பலிக்கவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்.

டாக்டர் தலையணைக்கு அடியில் கையை விட்டார். ஒரு ரப்பர் பந்து வந்தது.

மாதையன் தலையைக் குனிந்தார். யாரும் பார்க்காதபோதெல்லாம் அதைப் பிசைந்திருக்கிறார். போர்வைக்குள் காலை உதைத்திருக்கிறார்.

"விட்டா மரத்துப்போயிடும், தாயி," என்று கெஞ்சினார்.

டாக்டர் பந்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "தேறிவர்ற நரம்பு களைச்சுப்போனா, வந்த பலமும் போயிடும், ஐயா. நாளையிலேர்ந்து இவங்க மூணு பேருக்கும் ஒரே வேலை. உங்களைச் சும்மா இருக்க வைக்கிறது."

அதைவிடக் கொடுமை அவருக்கு வேறில்லை. போர்வை அசைந்தால் கால்காரம்மா வந்து நின்றார். விரல் மடங்கினால் கைக்காரர் மெல்லப் பிரித்துவிட்டார். படுக்கப்போட்டே கொல்கிறீர்களே என்று மாதையன் கத்தினார். அழுதார். அப்புறம், வெகு நாளைக்குப் பிறகு, பகலில் அயர்ந்து தூங்கினார்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், டாக்டரே தட்டைக் கொண்டுவந்தார். தயிர் பிசைந்த, குழைந்த சோறு.

மாதையன் கையை நீட்டினார். விரல்கள் குவிந்தன. கை நெஞ்சுவரை ஏறியது. வழக்கமாகத் துவண்டு விழுகிற இடம் அதுதான். இன்று விழவில்லை.

சோறு வாய்க்குள் போயிற்று. மென்றார். விழுங்கினார். அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்த தொண்டைக்காரம்மா தலையசைத்தார். வெள்ளையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"வந்துடுச்சு டாக்டரம்மா! இந்தத் தட்டையே காலி பண்றேன், பாருங்க!" மறுபடியும் கையை நீட்டினார்.

டாக்டர் தட்டை எடுத்து வெள்ளையம்மாவிடம் கொடுத்தார்.

மாதையனின் கை அப்படியே நின்றது. லேசாக நடுங்கியது. டாக்டரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தார்.