கரிப்பானையின் கதவு

அந்தக் காலத்தில் குருவிகள் மனிதர்களோடு நேருக்கு நேர் பேசும். மனிதர்களும் பதில் சொல்வார்கள். காது கொடுத்துக் கேட்டார்களா என்பது வேறு விஷயம்.

காத்தாயி வீட்டுக் கொல்லையில், கூரைச் சரிவுக்குக் கீழே ஒரு பழைய சோற்றுப்பானை கயிற்றில் தொங்கியது. விறகடுப்பில் வெந்து வெந்து வெளிப்புறம் முழுக்கக் கரி ஏறிய பானை. பக்கவாட்டில் சின்ன ஓட்டை விழுந்துவிட்டதால், வாயை ஓட்டுத்துண்டால் மூடி அங்கே கட்டிவிட்டாள். அந்த ஓட்டை வழியாக ஒரு சிட்டுக்குருவி ஜோடி குடிபுகுந்து, மூன்று முட்டையும் இட்டிருந்தது.

காத்தாயி நல்லவள். நல்லவர்களுக்கு வரும் கோளாறு அவளுக்கும் உண்டு. அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்பது, அவர்களைக் கேட்காமலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

"வீடுன்னா வாசல் தாராளமா இருக்க வேணாமா? இப்படி இடிச்சுக்கிட்டுப் போய் வரீங்களே" என்றாள்.

"எங்களுக்கு இடிக்கலையே அக்கா" என்றது ஆண்சிட்டு.

"சும்மா இரு. உனக்குக் கூச்சம்" என்று சொல்லி, அரிவாளின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி ஓட்டையைப் பெரிதாக்கினாள். உட்கார வசதியாக வாசலுக்குக் கீழே ஒரு குச்சியும் செருகினாள். அன்று இரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். சிட்டுக்குத்தான் தூக்கமில்லை.

மறுநாள் ஜோடி இரை தேடப் போன நேரத்தில் ஒரு மைனா வந்தது. குச்சியில் சொகுசாக உட்கார்ந்தது, உள்ளே எட்டிப் பார்த்தது, நுழைந்தது. மூன்று முட்டையையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே போட்டது. சிட்டுகள் திரும்பி வந்தபோது தரையில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. பெண்சிட்டு அழுத அழுகையை இப்போது சொன்னாலும் வயிறு எரிகிறது.

மைனா தன் துணையையும் வைக்கோலையும் கொண்டுவரப் போயிருந்தது. அந்த இடைவெளியில் இரண்டும் மறுபடி உள்ளே புகுந்தன.

"என் வயித்துல இன்னும் முட்டை இருக்கு. இனி நான் இதைவிட்டு வெளியே வரமாட்டேன்" என்றது பெண்சிட்டு.

"நீ வர வேண்டாம். நான் யாரையும் உள்ளே விடப்போறதில்லை" என்றது ஆண்சிட்டு.

வாசலோ அகலம், சிட்டோ ஒரு பிடி. இருந்த இறகையெல்லாம் புஸ்ஸென்று விரித்து, ஓட்டை முழுக்கத் தானே அடைத்துக்கொண்டு நின்றது. தலையை வெளியே நீட்டித் தொண்டையைப் பானையின் கரிமேல் அழுத்தி ஊன்றிக்கொண்டது.

மைனா ஜோடி வந்தது. "பொடியா, எங்க அளவுக்கு வாசல், எங்க அளவுக்கு வீடு. நகரு" என்றது ஆண்மைனா.

"அளவு பார்த்தா வீடு கிடைக்கும்? அப்படின்னா மாடு வந்து கேட்கட்டும், தரேன்" என்றது சிட்டு.

கொத்து விழுந்தது. சிட்டும் திருப்பிக் கொத்தியது. இரண்டு மைனாக்களும் மாறி மாறிக் கொத்தின. காலையில் தொடங்கிய சண்டை உச்சிவெயில் வரை ஓயவில்லை. சிட்டின் நெற்றியில் இறகு பிய்ந்தது, ஆனால் கால் ஒரு நூல்கூட நகரவில்லை. அதற்குள்ளே பெண்சிட்டு முட்டையும் இட்டுவிட்டது.

சத்தம் கேட்டுக் காத்தாயி வந்தாள். "ஏன் இந்தப் பிடிவாதம்? விட்டுக்கொடுத்திடு. உனக்கு வேற பானை கட்டித் தரேன்."

சிட்டுக்கு மைனா கொத்தியதைவிட இதுதான் வலித்தது. "என் முட்டை இங்கே இருக்கு. வாசலை உடைச்சது நீங்க, அக்கா. அடைக்கிறதும் உங்க வேலை. நீங்க அடைக்கிற வரைக்கும் நான்தான் கதவு."

காத்தாயிக்குச் சுரீரென்றது. கூடவே, தரையில் கிடந்த முட்டை ஓடுகளையும் அப்போதுதான் பார்த்தாள். போய்க் களிமண் குழைத்து வந்தாள். குச்சியைப் பிடுங்கி எறிந்தாள். சிட்டைச் சுற்றி மண் வைத்து, அது நுழையும் அளவுக்கு மட்டும் வழி விட்டு மீதியைப் பூசினாள். மண் காயும்வரை சிட்டு அசையவில்லை.

"அப்ப எங்களுக்கு?" என்றது மைனா.

"உங்களுக்குப் பெரிய பானை, அந்தக் கோடி மரத்துல. கேட்டிருந்தா முன்னாலேயே கட்டியிருப்பேன். இந்தப் பக்கம் மூக்கை நீட்டினா அதுவும் இல்லை" என்றாள் காத்தாயி.

முணுமுணுத்துக்கொண்டே மைனாக்கள் போயின.

சிட்டு இறங்கி வந்தபோது தொண்டையெல்லாம் பானைக்கரி. காத்தாயி கொட்டாங்கச்சியில் தண்ணீர் கொண்டுவந்தாள். "கழுவிக்கடா, பார்க்கச் சகிக்கலை."

"திருடியா அழுக்காச்சு? நின்னு அழுக்காச்சு. கழுவ மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அதே தொண்டையை நிமிர்த்திக்கொண்டு அடைகாக்கும் துணைக்குப் புழு பிடிக்கப் போனது.

அன்று முதல்தான் ஆண்சிட்டின் தொண்டையில் கரி இருக்கிறது. குஞ்சுக்கு அது இருக்காது. தனக்கென்று ஒரு வாசலில் கதவாக நிற்கும் வயது வரும்போது, யாரும் பூசாமலே வந்துவிடும்.