வளர்ந்துபோன கோட்டுக்கல்

ஆம்பல் பூத்த காட்டுக்குளம் ஒன்றுக்குக் கொம்பையா என்ற யானை ராஜாவாக இருந்தார். அவர் காது ஒவ்வொன்றும் ஒரு பாய் அகலம். அவர் குளிக்க இறங்கினால் மீன்களெல்லாம் கரையேறி நின்று வழிவிடும். நம்புகிறவர்கள் நம்பலாம்.

குளத்தின் நடுவே ஒரு கல் நின்றது. அதில் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கல் என்று அதற்குப் பெயர். கோடையில் தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விட்டால், பெரிய மிருகங்கள் குளத்தில் இறங்கிக் குளிக்கக் கூடாது. கரையில் நின்று குடித்துவிட்டுப் போய்விட வேண்டும். மிச்சத் தண்ணீர் குஞ்சு குளுவான்களுக்கு. அந்தச் சட்டத்தை எல்லோரும் மதித்தார்கள். மதிப்பது சுலபமாகவும் இருந்தது. எந்தக் கோடையிலும் தண்ணீர் கோட்டை விட்டு இறங்கியதே இல்லை!

அந்த வருஷம் மாசிக் கடைசியில், வடக்கே பனிமலைக்குத் திரும்பப் புறப்பட்ட வாத்து ஒன்று கொம்பையாவிடம் விடைபெற வந்தது.

"ராசா, போறதுக்கு முன்னால ஒரு சேதி. எங்க மலையில பனி சுருங்கிக்கிட்டே போகுது. காத்து காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி கொதிக்குது. மழைக்கே வழி குழம்பிப்போச்சு. இந்தத் தடவை அது எப்ப வரும்னு சொல்ல முடியாது. தண்ணியைப் பார்த்துச் செலவழிங்க!"

"ஐயையோ!" என்று பதறினார் கொம்பையா. உடனே கூட்டம் கூட்டினார்.

மந்திரி உடும்பு பேசியது. எருமை பேசியது. மயில் பேச வந்து ஆடிவிட்டுப் போனது. சேதி கொண்டுவந்த வாத்தைப் பாராட்டி, கழுத்தில் ஆம்பல் மாலை போட்டார்கள். பாவம், வாத்து பாரம் தாங்காமல் பறந்தெழ ஓடி ஓடிப் பார்த்து, கடைசியில் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பறந்தது.

"அருமையான கூட்டம்!" என்றார் கொம்பையா. எல்லோரும் குளிக்கப் போனார்கள்.

பங்குனி போயிற்று. சித்திரையும் போயிற்று. வெயில் எப்படிப்பட்ட வெயில் என்கிறீர்கள்! நிழலே வேறு நிழலைத் தேடிக்கொண்டு ஓடியது. ஒரு நாள் காலை, கோட்டுக்கல்லின் வெள்ளைக் கோடு தண்ணீருக்கு மேலே பளிச்சென்று தெரிந்தது.

அதை முதலில் பார்த்தவள் மருதாயி என்கிற தவளை. குளத்தின் ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில் அவளுடைய தலைப்பிரட்டைகள் நெளிந்துகொண்டிருந்தன. ஒன்றுக்கும் இன்னும் கால் முளைத்து முடியவில்லை. மருதாயி பதறிக்கொண்டு ராஜாவிடம் ஓடினாள்.

"ராசா! கோடு தெரியுது! குளிக்கிறதை நிறுத்தச் சொல்லுங்க!"

கொம்பையாவுக்கு முகம் வாடிவிட்டது. தும்பிக்கை நிறையத் தண்ணீர் எடுத்து முதுகில் பீய்ச்சிக்கொள்வதில் அவருக்கு அப்படி ஒரு ஆசை. அவர் மந்திரியைப் பார்த்தார். மந்திரிப் பதவியைப் பிடித்த நாளிலிருந்து விடாமல் பிடித்திருந்த உடும்பு, தொண்டையைச் செருமியது.

"ராசா, அவசரப்பட வேணாம். தண்ணி இறங்கலை. கல்லு வளர்ந்திருக்கு!"

"கல்லு வளருமா?" என்றாள் மருதாயி.

"ஏன் வளராது? மலையெல்லாம் ஒரு காலத்துல கூழாங்கல்லா இருந்ததுதானே!"

"அதானே!" என்றது எருமை. அதற்கும் குளியல் என்றால் உயிர்.

கல் வளர்ந்ததா இல்லையா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழுவில் தினமும் குளிக்கிறவர்கள் மட்டுமே இருந்தார்கள். அவர்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். கல் வளர்ந்துதான் இருக்கிறது என்று முடிவாயிற்று. வளர்ந்த கல்லைப் பழையபடி இறக்கி வைக்க உத்தரவும் ஆயிற்று.

"கூடவே, தவளைங்க எல்லாம் தண்ணியைக் குறைச்சுக் குடிக்கணும்!" என்றது உடும்பு.

"நாங்க தண்ணியே குடிக்கிறதில்லை மந்திரி. தோல் நனைஞ்சாப் போதும் எங்களுக்கு."

"அப்படின்னா நனையறதைக் குறைச்சுக்கோ!"

கல்லின் அடியைத் தோண்ட மண்ணாங்கட்டி என்ற காட்டுப்பன்றியை அழைத்தார்கள்.

"தோண்டுறேன் ராசா. என் பிழைப்பே அதுதான். ஆனா கல்லு வளர்ந்ததை யாரு கண்ணால பார்த்தது?" என்றது பன்றி.

"நீ தோண்டுய்யா!" என்று அதட்டியது உடும்பு.

பன்றி மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கி மூழ்கித் தோண்டியது. கல் மெல்ல மெல்ல இறங்கியது. வெள்ளைக் கோடு தண்ணீரைத் தொட்டது.

"குளம் நிறைஞ்சிருச்சு!" என்று எல்லோரும் கூவினார்கள். எருமை அழுதேவிட்டது. கொம்பையா வழக்கத்தைவிட அதிக நேரம் குளித்தார். அவர் பீய்ச்சிய தண்ணீரெல்லாம் கரை மணலில் விழுந்து, விழுந்த சுவடு தெரியாமல் ஆவியாகிப் போனது.

குளம் சுருங்கிக்கொண்டே வந்தது. கோடு தெரியும்போதெல்லாம் கல்லை இன்னும் கொஞ்சம் இறக்கினார்கள். மருதாயியின் ஓரம் குளத்தை விட்டுப் பிரிந்து, ஒரு சின்னக் குட்டையாகத் தனித்து நின்றது. அவள் பிள்ளைகள் அதற்குள் மாட்டிக்கொண்டன.

மறுபடியும் அவள் ராஜாவிடம் வந்தாள். இந்தத் தடவை சத்தம் போடவில்லை.

"ராசா, ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். உங்க தும்பிக்கை நுனியை என் குட்டையில கொஞ்சம் வையுங்க."

"அதனால என்னம்மா, வச்சாப் போச்சு!" என்று சிரித்துக்கொண்டே போய், நுனியை மட்டும் குட்டைக்குள் விட்டார் கொம்பையா.

குட்டிக் குட்டி வாய்கள் தும்பிக்கையைச் சுற்றி மொய்த்தன. கொம்பையாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. காதெல்லாம் ஆட, உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"அடடே மருதாயி! உன் பிள்ளைங்க எனக்கு முத்தம் கொடுக்குதுங்க!"

"முத்தம் இல்லை ராசா. பசி. குட்டையில பாசியெல்லாம் காஞ்சுபோச்சு. உங்க தோல்ல ஒட்டியிருக்கிற பாசியைத் தின்னுதுங்க."

கொம்பையாவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் தும்பிக்கையை அவர் எடுக்கவில்லை. பிள்ளைகள் தின்று முடிக்கட்டும் என்று அசையாமல் நின்றார். வெயில் அவர் முதுகைப் பொசுக்கியது.

வெகுநேரம் கழித்து, "கால் முளைச்சிருச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பின்னங்கால் வந்திருச்சு ராசா. முன்னங்கால்தான் பாக்கி. அதுவும் வந்துட்டா, தத்தித் தத்தி எங்கேயாவது ஈரத்துக்குப் போய்ப் பிழைச்சுக்கும். அதுவரைக்கும் தண்ணி வேணும்."

உடும்பு ஓடிவந்தது. "ராசா, கலங்காதீங்க! கோட்டைப் பாருங்க. இன்னும் தண்ணியைத் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கு!"

"கோடு தண்ணியைத் தொடுதுய்யா. இந்தப் பிள்ளைங்க கோட்டுலயா நீந்தும்?"

கொம்பையா குளத்துக்குள் இறங்கினார். கோட்டுக்கல்லைத் தும்பிக்கையால் வளைத்துப் பிடித்தார். "வேணாம் ராசா!" என்று உடும்பு பாய்ந்து கல்லைக் கட்டிக்கொண்டது. பிடித்தால் விடுகிற பழக்கம் அதற்குக் கிடையாதே! கொம்பையா ஒரே இழுப்பில் கல்லைப் பிடுங்கினார். கல்லோடு உடும்பும் மேலே வந்தது. பழைய உயரத்திலேயே கல்லை நட்டு, அடியில் மண்ணை மிதித்தார்.

வெள்ளைக் கோடு எங்கோ உயரத்தில் நின்றது. அதற்கும் மேலே உடும்பு தொங்கியது. தண்ணீரோ கல்லின் காலடியில் கிடந்தது. எருமை சத்தமில்லாமல் கரையேறியது.

"என்னோடதையும் சேர்த்துத்தான் சொல்றேன். இன்னையிலிருந்து குளியல் கிடையாது!" என்றார் கொம்பையா.

அப்புறம் தந்தத்தால் மண்ணைக் கீறி, குளத்திலிருந்து குட்டைக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார். பன்றி பின்னாலேயே வந்து அதை ஆழப்படுத்தியது. தண்ணீர் கூச்சப்பட்டுக்கொண்டு உள்ளே வந்தது. பிள்ளைகள் அதை எதிர்த்து நீந்தி விளையாடின.

குளிக்காத யானை எப்படி இருக்கும்? புழுதி அப்பி அப்பிச் செம்மண் குன்று மாதிரி ஆனார் கொம்பையா. குருவிகள் குன்றென்றே நினைத்து முதுகில் புல் விதை தூவின என்கிறார்கள். அவர் யாரையும் கோபிக்கவில்லை. தினமும் குட்டையோரம் வந்து, "முன்னங்கால் வந்துச்சா?" என்று மட்டும் கேட்பார். "இன்னும் இல்லை ராசா" என்பாள் மருதாயி. தும்பிக்கை நுனியை உள்ளே விட்டபடி அவர் நிற்பார்.

மழை வந்தது. நல்லாவே பிந்தித்தான் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் அதைப் பார்க்க இருக்கவில்லை. வெயில் சிலவற்றைக் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியவை முன்னங்காலும் பின்னங்காலும், இன்னும் மறையாத குட்டி வாலுமாய்க் கரையேறித் தத்தின. கொம்பையா மழையில் நனைந்தபடி, ஒன்றின் மேலும் கால் பட்டுவிடக் கூடாது என்று, அவை கடந்து போகும்வரை ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நின்றார்.

கேடு வருவதைக் காட்டும் கோட்டை இறக்கி வைப்பதால் கேடு குறையாது. பெரியவர்கள் தங்கள் சுகத்தைக் குறைத்துக்கொண்டால்தான் சின்னஞ்சிறுசுகள் பிழைக்கும்.