சிவப்பு வட்டத்துக்குள் ஓர் எழுத்து

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் இளவட்டமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தெட்டு வயது. பெயர் ஜெபக்கனி. மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. சீடருக்கு ஐம்பத்தொன்பது. பெயர் உலகநாதன். அவரும் ஆங்கில ஆசிரியர்தான், வேறொரு பள்ளியில். அடுத்த வருஷம் ரிட்டையர்மென்ட்.

மனிதர் அந்த அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நிற்பார். ‘டீச்சரம்மா’ என்றுதான் கூப்பிடுவார். மற்ற வாத்தியார்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிச்சுட்டுப் போறானுவ என்று விட்டுவிடுவார்.

காரணம் இல்லாமல் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்புக்குப் புதுப் பாடத்திட்டம் வந்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். எல்லாம் வந்தது, டீ வந்தது, பிஸ்கட் வந்தது, பாடப்புத்தகம் மட்டும் வரவில்லை. பயிற்சி கொடுத்தது ஜெபக்கனி. கையில் இருந்த ஒரே ஒரு நகலை வைத்துக்கொண்டு ஒரு கவிதையை வாசித்துக் காட்டினார்.

சின்னக் கவிதை. ஒருத்தன் கடலுக்குப் போகிறான், திரும்பவில்லை. அவன் மனைவி ஐந்து நாள் கரையில் நிற்கிறாள். ஆறாம் நாள் தலைக்குக் குளிக்கிறாள், தலை வாருகிறாள், உடுத்துகிறாள். அத்தோடு முடிந்துவிடுகிறது.

அதுவரைக்கும் உலகநாதனுக்குக் கவிதை என்றால் ஐந்து மதிப்பெண். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நெஞ்சை அடைத்தது. வீட்டுக்குப் போனார். காதில் விழுந்த சூடு ஆறுவதற்குள் பிள்ளைகளுக்காக ஒரு கட்டுரை எழுதினார்.

‘ஐந்து நாள் இருட்டுக்குப் பிறகு ஆறாம் நாள் விடிகிறது. அந்தப் பெண் காலைப் பொழுதுக்காக உடுத்திக்கொள்கிறாள். நம்பிக்கைதான் இந்தக் கவிதையின் உயிர்.’

நல்ல ஆங்கிலம், சின்னச் சின்ன வாக்கியம். மனப்பாடத்துக்கு வெண்ணெய் மாதிரி இறங்கியது. முதலில் அவர் பள்ளிக்கூடம், பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடம், பிறகு வாட்ஸ்அப், பிறகு ஜெராக்ஸ் கடை. கடைசியில் கைடுக்காரர்களும் வரி மாறாமல் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். பாடப்புத்தகம் வந்து சேர்ந்தபோது யாருக்கும் அந்தக் கவிதை தேவைப்படவில்லை. உலகநாதனுக்கும்தான்.

நாடகத்துக்கும் எழுதினார். வாழ்நாளில் ஒரு நாடகமும் பார்க்காத பிள்ளைகள் ‘மேடை அமைப்பு நம்மைக் கலங்க வைக்கிறது’ என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியது இவர் கைங்கரியம்தான்.

இந்த வருஷம் விடைத்தாள் திருத்தும் முகாமில் குருவும் சீடரும் ஒரே மேஜையில் வந்து மாட்டினார்கள். ஜெபக்கனி முதன்மைத் தேர்வாளர். உலகநாதன் அவருக்குக் கீழே திருத்துகிற ஆறு பேரில் ஒருவர். இவர் திருத்துவார், அந்த அம்மா சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார், சாயங்காலம் கட்டுக்குச் சீல் வைத்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். தாளில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது. ஒரு எண் மட்டும் இருக்கும்.

மூன்றாம் நாள். ஏப்ரல் வெயில் சன்னல் வழியே மேஜையில் வந்து உட்கார்ந்திருந்தது. உலகநாதன் திருத்திக்கொண்டே போனார். தாளுக்குத் தாள் அவருடைய வரிகள். ‘ஐந்து நாள் இருட்டுக்குப் பிறகு.’ யார் பெற்ற பிள்ளையோ, எந்த மாவட்டமோ, எழுதியிருப்பதெல்லாம் இவர் வாக்கியம். மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்துக்கு ஐந்து, ஐந்துக்கு ஐந்து என்று போட்டுக்கொண்டே போனார்.

அப்போதுதான் அந்தத் தாள் வந்தது.

கையெழுத்து கோணல். இலக்கணம் அதைவிடக் கோணல். ஆறே வரி.

‘அவள் காத்திருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் அம்மாவும் ஏழு நாள் கடலைப் பார்த்தாள். எட்டாம் நாள் பார்க்கவில்லை. தலைக்குக் குளித்தாள். மார்னிங்குக்கு உடுத்தினாள்.’

உலகநாதன் தலையில் அடித்துக்கொண்டார். கேட்டது கவிதையைப் பற்றி. இது சொந்தக் கதையை அளந்து வைத்திருக்கிறது. போதாக்குறைக்கு எழுத்துப் பிழை வேறு. மார்னிங் என்ற வார்த்தைக்கு நடுவில் ஒரு ‘யு’ தேவையில்லாமல் உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் காலை என்று எழுதத் தெரியவில்லை! அந்த ‘யு’வைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார். பாவம் என்று ஒரு மதிப்பெண் கொடுத்தார்.

மொத்தம் கூட்டினார். முப்பத்து மூன்று. தேறுவதற்கு இரண்டு குறைச்சல். அதற்கு அவர் என்ன செய்வார்? கட்டைக் கட்டி ஜெபக்கனி பக்கம் தள்ளிவிட்டார்.

டீ வந்தது. உலகநாதன் டம்ளரோடு நாற்காலியை நகர்த்திக்கொண்டு குருவின் பக்கம் வந்தார்.

“டீச்சரம்மா, ஒண்ணு கேக்கேன். தப்பா நெனைக்கக் கூடாது.”

“கேளுங்க சார்.”

“ரிட்டையர் ஆகுறதுக்குள்ள ஒரு புஸ்தகம் போட்டுரணும்னு இருக்கேன். கவிதைக்கு அம்பது கட்டுரை, நாடகத்துக்கு அம்பது. பிள்ளைகளுக்கு உபகாரமா இருக்கும்.”

“போடுங்க.”

“முன்னால நாலு வரி எழுதணும்லா. விமர்சனக் கட்டுரைன்னா என்ன, அதை எப்படி எழுதணும்னு. இருபத்தாறு வருஷமா சொல்லிக் கொடுக்கேன். ஒரு வரியில சொல்லுன்னா வாயில வர மாட்டேங்கு. நீங்க சொன்னா அப்படியே போட்டுருவேன்.”

ஜெபக்கனி கையில் அந்தக் கோணல் தாள் இருந்தது. அந்த மேஜையில் ஒரு ஒழுங்கு உண்டு. மூன்று மதிப்பெண் வரைக்கும் குறைந்து தோற்கிற தாளை முதன்மைத் தேர்வாளர் முழுசாக வாசிக்க வேண்டும். மற்றதற்குக் கூட்டலைச் சரிபார்த்தால் போதும். வாசித்துக்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். தாளை வைத்துவிட்டு விறுவிறுவென்று எழுந்து வெளியே போனார்.

டீ ஆறிப்போனது. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்று உலகநாதன் மருகிக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம் கழித்து ஜெபக்கனி திரும்பினார். கையில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகம். யாரிடமோ கேட்டு வாங்கி வந்திருக்கிறார். பக்கத்தைப் புரட்டி உலகநாதன் முன்னால் வைத்தார்.

“வாசிங்க சார்.”

“இது எனக்குத் தலைகீழாத் தெரியுமே, டீச்சரம்மா.”

“நேராவும் ஒரு தடவை வாசிங்க.”

உலகநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். நல்ல குரல். ஐந்து நாள், கரை, அலை, தலை வாரியது, எல்லாம் வந்தது. கடைசி வரியில் ‘மார்னிங்’ என்று முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“மறுபடி.”

மறுபடியும் வாசித்தார். அதே மார்னிங்.

“கடைசி வார்த்தையை மட்டும் எழுத்தெழுத்தா.”

உலகநாதனுக்குச் சுருக்கென்றது. ஐம்பத்தொன்பது வயது ஆளை ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி எழுத்துக் கூட்டச் சொல்வதா? பக்கத்து மேஜையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் சொன்னது குரு. விரலை வைத்தார்.

“எம். ஓ. யு...”

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

காலைக்கும் துக்கத்துக்கும் ஆங்கிலத்தில் ஓசை ஒன்றுதான். துக்கத்துக்கு மட்டும் நடுவில் ஒரு ‘யு’ உண்டு. வாயால் சொன்னால் அது கேட்காது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

அந்தப் பெண் காலைப் பொழுதுக்கு உடுத்தவில்லை. புருஷன் இனி வரமாட்டான் என்று துக்கத்துக்கு உடுத்தியிருக்கிறாள். ஆறு வருஷமாக ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அவளுக்கு விடிந்துவிட்டது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மேஜையில் அந்தக் கோணல் தாள் கிடந்தது. வட்டத்துக்குள் அந்த ‘யு’ இருந்தது.

“ஐயோ டீச்சரம்மா,” என்றார் உலகநாதன். “நீங்க அன்னைக்கு வாசிச்சப்போ...”

“சரியாத்தான் வாசிச்சேன். எப்படி எழுதணும்னு சொல்லலை. என் பங்கும் இருக்கு.”

“உங்க ஸ்கூல்ல பிள்ளைங்க?”

“உங்க கட்டுரையைத்தான் எழுதுதுங்க. மார்க் வருதுல்ல. நானும் நல்லாருக்குன்னு விட்டுட்டேன்.”

உலகநாதன் காலையிலிருந்து திருத்திய தாள்களைப் பார்த்தார். ஐந்துக்கு ஐந்து.

“இதையெல்லாம் அடிச்சிரவா?”

“எதுக்கு? நீங்க சொன்னதை நம்பி எழுதியிருக்கு. உங்களை நம்பினதுக்கு மார்க்கைக் குறைப்பீங்களா?”

“அப்போ அந்தக் கவிதை?”

“அதை ஒரு பிள்ளைதானே வாசிச்சிருக்கு.”

உலகநாதனுக்கு அழுகை வந்தது. வயசான மனுஷன் நாலு பேர் நடுவில் அழக்கூடாது என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்தத் தாளை இழுத்து, போட்ட ஒன்றை அடித்து, நான்கு என்று எழுதினார். இலக்கணத்துக்காக ஒன்றைக் குறைத்தோமே, அதுவும் வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தார். கூட்டலைத் திருத்தினார். முப்பத்தாறு. பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஜெபக்கனியும் போட்டார்.

யாரோ ஒரு பிள்ளை தேறிவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டார். அந்த மூச்சு பாதியில் நின்றது.

“டீச்சரம்மா.”

“சொல்லுங்க.”

“நேத்தும் ஒரு ‘யு’வைச் சுழிச்சேன்.”

“தெரியும்.”

“இதே மாதிரி ஆறேழு வரிதான். அப்பாவோ அண்ணனோ, யாரோ வரலைன்னு எழுதியிருந்துச்சு. நான் முழுசா வாசிக்கல. ரெண்டு கட்டும் ஒரே கடற்கரைப் பள்ளிக்கூடத்துல இருந்து வந்திருக்கும் போல.”

“இருக்கும்.”

“அதுக்கு என்ன போட்டேன்?”

“பூஜ்யம்.”

“மொத்தம்?”

“முப்பது. அஞ்சு குறைச்சல். மூணு வரைக்கும் குறைஞ்சாத்தானே நான் வாசிக்கணும். கூட்டலைப் பார்த்தேன், சரியா இருந்துச்சு.”

அந்தக் கேள்விக்கு ஐந்து மதிப்பெண். உலகநாதன் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். திரும்பவும் கூட்டிப் பார்த்தார்.

“முழுசா போட்டுருப்பேன், டீச்சரம்மா. வாசிச்சிருந்தா அஞ்சும் போட்டுருப்பேன்.”

ஜெபக்கனி பாடப்புத்தகத்தை மூடி வைத்தார்.

“அந்தக் கட்டு எங்க?”

“நேத்து சாயங்காலமே வண்டி ஏறிருச்சு.”

“முகாம் அலுவலர்கிட்டப் போவோம். என் தப்புன்னு எழுதிக் கொடுக்கேன். என் இன்கிரிமென்ட்டை வெட்டட்டும், பென்ஷன்ல கை வைக்கட்டும், என்னமும் செய்யட்டும். கட்டைப் பிரிக்கச் சொல்லுவோம்.”

“டீ நேரத்துல எந்திரிச்சுப் போனேன்ல, அவர்கிட்டத்தான் போனேன்.”

“என்ன சொன்னாரு?”

“ஆயிரக்கணக்குல தாள் கிடக்கு, வெறுமனே தேடிக்கிட்டு இருக்க முடியாது, தாள் எண்ணைக் கொடுங்க, அந்தக் கட்டை வரவழைக்கேன்னாரு. நல்ல மனுஷன்.”

உலகநாதன் பாய்ந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

“சொல்லுங்க டீச்சரம்மா. எண் என்ன?”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜெபக்கனி அவர் கையில் இருந்த சிவப்புப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எண்ணைப் பார்க்கல சார். நீங்க போட்ட வட்டத்தைத்தான் பார்த்தேன். நல்லா உருண்டையா இருந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன்.”