கீரி திருப்பித் தராத சாம்பல் புறா

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது. முதலில் தப்புச் செய்தது அந்தக் கீரிதான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள், பிள்ளைகளே.

அதே காட்டில், ஓடைக்கு இந்தப் பக்கம், சடையாண்டி என்று ஒரு கிழட்டுக் கரடி இருந்தது. புறா வளர்ப்பதுதான் அதற்கு உயிர். குட்டியாக இருந்தபோது அதன் அப்பா அதைத் தேன் எடுக்கப் பாறை இடுக்குக்கு அனுப்பினார். அது தேனை மறந்துவிட்டு, கூட்டிலிருந்து விழுந்து கிடந்த ஒரு புறாக் குஞ்சைக் கையில் பொத்தி எடுத்துக்கொண்டு வந்தது. அன்று வாங்கிய அடி இன்னும் அதற்கு நினைவிருக்கிறது. யாரிடம் என்ன வாங்கினாலும் சடையாண்டி மறக்காது.

மற்றக் கரடிகள் தேனடை தேடிப் போகும். சடையாண்டி தினை பொறுக்கப் போகும். மூங்கிலை வளைத்து மாடம் கட்டும். விடிந்ததும் எச்சம் கூட்டும். ஒவ்வொரு புறாவின் சிறகையும் விரித்துப் பூச்சி பார்க்கும்.

"இதெல்லாம் ஒரு கரடி செய்கிற வேலையா?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பெயரையெல்லாம் அது மனப்பாடமாக வைத்திருந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் கீரியின் மாடம். கீரி புறாவைத் தின்னாதா என்று கேட்பீர்கள். தின்னும். ஆனால் தன் பெயரைக் காடெல்லாம் பரப்புகிற புறாவைத் தின்னாது. செம்பட்டையன் என்ற அந்தக் கீரிக்குப் பசியைவிடப் புகழ் பெரிது.

சடையாண்டியிடம் சாம்பலான் என்று ஓர் ஆண் புறா இருந்தது. உடம்பெல்லாம் சாம்பல் நிறம். இடது சிறகில் ஒரே ஓர் இறகு மட்டும் வெள்ளை. ஆடி மாதக் காற்றில் ஒரு நாள் அது வழி தவறி, கீரியின் மாடத்தில் போய் இறங்கிவிட்டது.

அந்தக் காட்டில் புறா வளர்ப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புறாவைத் தேடிப் போகிறவர் அதன் ஜோடியையும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஜோடியைக் கண்டதும் புறா ஓடி வந்தால், அது அவருடையது. கொடுத்துவிட வேண்டும். வேறு பேச்சே கிடையாது.

கரடி அந்த ஜோடிப் பெட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடையைக் கடந்தது.

"தம்பி, மாடத்தைத் திற. என் புறா உள்ளே இருக்கிறது."

"இருக்கும் அண்ணே, இருக்கும்," என்றது கீரி. "ஆனால் பெட்டைகள் எல்லாம் முட்டைமேல் உட்கார்ந்திருக்கின்றன. உன் உருவத்தைக் கண்டால் மிரண்டு எழுந்துவிடும். முட்டையெல்லாம் கூழாகிவிடும். புறா வளர்க்கிற உனக்குத் தெரியாததா? பௌர்ணமி கழியட்டும், வா."

புறா வளர்க்கிற யாருக்கும் அந்தப் பேச்சைத் தட்ட மனம் வராது. கரடி திரும்பிவிட்டது. பௌர்ணமி கழிந்து மறுபடி போனது. கீரி தலையைச் சாய்த்துக்கொண்டு, "எந்தப் புறா அண்ணே?" என்று கேட்டது. மாடத்தைத் திறக்கவே இல்லை.

சாம்பலானின் ஜோடி பத்து நாள் மாடத்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. இரை எடுக்கவில்லை. பதினோராம் நாள் செத்துப்போனது. சடையாண்டி தன் கையாலேயே அதைப் புதைத்தது.

இப்போது சொல்லுங்கள், தப்பு யார்மேல்?

அந்தக் காட்டில் வருடத்துக்கு ஒரு நாள் புறாப் போட்டி நடக்கும். விடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் புறாவைப் பறக்க விடுவார்கள். எது எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தன் மாடத்தில் இறங்குகிறதோ அதுதான் ஜெயித்த புறா. வேறு மாடத்தில் இறங்கினால் தோல்வி.

நடுவர் ஆமையார். ஆமைக்கு அண்ணாந்து பார்க்க முடியாது அல்லவா? அதனால் போட்டியன்று காலையில் நான்கு முயல்கள் சேர்ந்து அவரை மல்லாத்தி, ஒரு பள்ளத்தில் ஆடாமல் வைக்கும். போட்டி முடிந்ததும் வந்து புரட்டி விடும். நாள் முழுதும் அவருக்கு வானத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க வழியில்லை. அதனால் அவர் தீர்ப்பை யாரும் குறை சொன்னதில்லை.

தொடர்ந்து ஆறு வருடம் கீரியின் புறாதான் ஜெயித்தது. அதற்குக் கீரி வைத்த பெயர் வானவேந்தன். சாம்பல் நிறம். இடது சிறகில் ஒரே ஓர் இறகு மட்டும் வெள்ளை. அப்பன் யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கரடிக்கு வயிறு எரிந்தது. "கீரியார் புறாவைப் பார்த்தீர்களா!" என்று யாராவது பேசிக்கொண்டு போனால், அன்று நாக்கில் தேன் வேம்பாகக் கசக்கும். தன் மாடத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு ஓடைக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்த புதரில் ஊசியாள் என்று ஒரு முள்ளம்பன்றி குடியிருந்தது. அதற்கு உடம்பும் முள், வாயும் முள்.

"அண்ணே, உன் மாடத்தில் நாற்பது புறா இருக்கிறது. நீ பொழுது முழுதும் அவன் மாடத்தையே பார்க்கிறாயே, கழுத்து வலிக்கவில்லையா?"

"அந்த வானவேந்தன் என் புறா, ஊசியாள்."

"அது முட்டையை விட்டு வெளியே வந்ததே அந்தப் பக்கம்தான்."

"அப்பன் என்னுடையவன். அப்பன் என்னுடையவன் என்றால் மகனும் என்னுடையவன்தான்."

"அப்படியானால் நீ திருடித் தின்ற தேனுக்கெல்லாம் உன் பிள்ளைகளைத் தேனீயிடம் கொடுத்துவிடேன்," என்றது முள்ளம்பன்றி.

கரடி இரண்டு மாதம் ஊசியாளோடு பேசவில்லை.

அந்த வருடம் கரடியின் மாடத்தில் ஓர் அதிசயம் நடந்தது. புகையன் என்று ஒரு புறா. பார்த்தால் சாதாரணமாக இருக்கும். பறக்கவிட்டால் போதும், கண்ணுக்குக் கடுகாகிவிடும். இறங்கு என்றால்கூட இறங்காது. கரடி பேச்சை நிறுத்தியிருந்த ஊசியாளே எட்டிப் பார்த்து, "அண்ணே, இது புறாவா, மேகமா?" என்று கேட்டது. கரடி அன்றே பழையபடி பேச ஆரம்பித்துவிட்டது.

போட்டிக்கு முதல் நாள் காட்டு விலங்குகள் எல்லாம் கூடியிருந்தன. கரடி எழுந்து நின்றது.

"டேய் செம்பட்டையா! நாளை என் புறா ஜெயித்தால் நீ என்ன செய்வாய்?"

"கை தட்டுவேன் அண்ணே."

"கைதட்டல் யாருக்கு வேண்டும்? 'சாம்பலான் சடையாண்டியின் புறா, நான்தான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை' என்று எல்லோர் முன்னாலும் நீ சொல்ல வேண்டும். வானவேந்தனை உன் கையாலேயே கொண்டுவந்து என் மாடத்தில் விட வேண்டும்."

கூட்டம் கீரியைப் பார்த்தது. புகழுக்கு ஏங்குகிறவனால் கூட்டத்தின் முன்னால் பின்வாங்க முடியுமா? "சரி அண்ணே, நீ ஜெயித்தால் அப்படியே செய்கிறேன்," என்றது கீரி. "ஆமையாரே சாட்சி."

கரடி அன்று நிம்மதியாகத் தூங்கியது.

விடிந்ததும் முதல் வேலையாகப் புகையனின் ஜோடியான வெள்ளச்சியை ஒரு கூடையில் வைத்து மூடியது. மேலே இலையும் போட்டது. பறக்கிற ஆண் புறாவின் கண்ணில் ஜோடி படக்கூடாது. பட்டுவிட்டால் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் இறங்கி வந்துவிடும். இது புறா வளர்க்கிற சின்னக் குட்டிக்குக்கூடத் தெரியும்.

ஆமையாரை மல்லாத்தினார்கள். புறாக்களை விட்டார்கள்.

வெயில் ஏறியது. அணில் வளர்த்த புறா இறங்கியது. மந்தியின் புறா இறங்கியது. உச்சிப்பொழுதுக்குள் எல்லாம் இறங்கிவிட்டன. வானத்தில் இரண்டே புள்ளிகள். உயரத்தில் இருந்தது புகையன். அதற்குக் கீழே வானவேந்தன்.

சாயங்காலம் ஆனது. கழுத்து வலித்த முயல்கள் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தன. உயரத்தில் இருந்த புகையனை முயல்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தது வானவேந்தன்தான். சாய்ந்த வெயிலில் அதன் வெள்ளை இறகு மின்னியது.

"ஆகா! திரும்புகிற அழகைப் பார்!"

"ராஜா மாதிரி அல்லவா இருக்கிறது!"

"கீரியார் கை பட்டால் அப்படித்தான்!"

கரடியின் காதில் அந்தக் கடைசிப் பேச்சு கொதிக்கிற எண்ணெயாக விழுந்தது. கீரியார் கையாம்! அந்த வெள்ளை இறகு யார் மாடத்தில் முளைத்தது?

"அண்ணே, வானவேந்தனின் வால் ஆடுகிறது பார்," என்றது ஊசியாள் மெதுவாக. "களைத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடும். நம் புகையன் இப்போதுதான் எழுந்த மாதிரி பறக்கிறது. நீ சும்மா உட்கார்ந்திரு, போதும்."

கரடிக்கு அது காதில் ஏறவில்லை. அதன் கண்ணில் அந்த ஒரு வெள்ளை இறகுதான் நின்றது.

"கீரி கொண்டுவந்து கொடுத்து நான் வாங்குவதா?" என்று முணுமுணுத்தது. "எல்லோரும் பார்க்க அது தானாக என் மாடத்தில் வந்து இறங்க வேண்டும். அப்போது இந்த முயல்கள் என்ன சொல்கின்றன என்று கேட்கிறேன்."

அடுத்தவர் புறாவை இறக்க ஒரு திருட்டு வழி இருக்கிறது. ஒரு பெட்டையைக் கையில் பிடித்து, சிறகடிக்கும்படி உயர்த்திக் காட்டுவார்கள். மேலே பறக்கிற ஆண் புறா மயங்கி இறங்கிவிடும். சடையாண்டி அதுவரை அந்த வேலையைச் செய்ததில்லை. செய்தவர்களோடு பேசியதும் இல்லை.

கரடி மாடத்துக்குள் பார்த்தது. பெட்டைகள் எல்லாம் முட்டைமேல் உட்கார்ந்திருந்தன. எழுப்பினால் முட்டை பாழாகும். கூடையில் இருந்த ஒன்றுதான் மிச்சம்.

இலையைத் தள்ளிவிட்டுக் கூடையைத் திறந்தது.

"அண்ணே!" என்று பதறியது ஊசியாள். "அது யாருடைய ஜோடி?"

"தெரியும், போ. புகையன் எட்டாத உயரத்தில் இருக்கிறான். அவனுக்கு எங்கே தெரியப்போகிறது?"

கரடி வெள்ளச்சியைப் பிடித்துத் தலைக்குமேல் உயர்த்தியது. வெள்ளச்சி படபடவென்று சிறகடித்தது.

வானவேந்தன் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அதற்கு அது யாரோ ஒரு பெட்டை. தன் வழியே போய்விட்டது.

அதற்கும் மேலே, கடுகாகத் தெரிந்த புள்ளி ஒரு கணம் நின்றது. பிறகு சிறகை மடக்கியது. கல் விழுகிற மாதிரி நேராக வந்து, கரடியின் தோளில் இறங்கி, வெள்ளச்சியைச் சுற்றிச் சுற்றிக் குனுகியது புகையன்.

"போ! மேலே போ!" என்று கரடி கத்தியது. மூங்கிலை எடுத்து ஆட்டியது. மண்ணை அள்ளி எறிந்தது. புகையன் அசையவில்லை. காலையிலிருந்து பார்க்காத ஜோடியைப் பார்த்துவிட்டது. அதற்கு இனி வானம் எதற்கு?

ஆமையார் இரண்டு முறை கண் சிமிட்டியிருப்பார். அதற்குள் வானவேந்தனும் தள்ளாடித் தள்ளாடிக் கீரியின் மாடத்தில் விழுந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"புகையன் முன்னால். வானவேந்தன் பின்னால்," என்றார் ஆமையார். "ஜெயித்தது கீரி. என்னைப் புரட்டுங்கள், முதுகு வலிக்கிறது."

"ஆமையாரே!" என்று கரடி ஓடி வந்தது. "புகையன் களைத்து இறங்கவில்லை! அது இன்னும் பறந்திருக்கும்!"

"இருக்கலாம். நான் வானத்தை மட்டும்தான் பார்த்தேன். தரையில் யாராவது ஏதாவது செய்தார்களா? சொல், கேட்கிறேன்."

தான் செய்த திருட்டு வேலையைத் தானே சொல்ல முடியுமா? கரடி திரும்பித் தன் மாடத்துக்கு நடந்தது.

கீரி களைத்த புறாவைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடை வரைக்கும் வந்தது. இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தது.

"அண்ணே! ஜோடியைக் காட்டினால் புறா தன் சொந்தக்காரரிடம் தானாக வந்துவிடும் என்று அன்றைக்கு என் வாசலில் நின்றாயே. சரியாகத்தான் சொன்னாய். வந்துவிட்டது பார்!"

முயல்கள் விழுந்து விழுந்து சிரித்தன. எந்தெந்த முயல்கள் என்று கரடி பார்த்து வைத்துக்கொண்டது.

கூட்டம் கலைந்தது. ஊசியாள் மட்டும் போகவில்லை.

"கொஞ்ச நேரம், அண்ணே. கொஞ்ச நேரம் நீ சும்மா இருந்திருக்கலாம்."

கரடி புகையனையும் வெள்ளச்சியையும் மாடத்தில் விட்டுக் கதவைச் சாத்தியது.

"முதலில் தப்புச் செய்தது யார், ஊசியாள்?"

"கீரிதான்."

"அதைச் சொல்."

மறுநாள் காலையிலும் சடையாண்டி மாடத்து வாசலில் உட்கார்ந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தது. கீரி சாம்பலானை அன்றும் திருப்பித் தரவில்லை, இன்றுவரை தரவில்லை. தர வேண்டியது தர வேண்டியதுதான், பிள்ளைகளே.

நீதி: உன் புறா உயரப் பறக்கும்போது அடுத்தவன் புறாவை இறக்கப் பார்க்காதே.