தோரண வாயிலும் அறுத்த கயிறும்

முன்னொரு காலத்தில் மருதநாட்டை மணிமுடி பூபதி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். காலையில் ஒருவனுக்குப் பல்லக்கு கொடுப்பார். சாயங்காலம் அவனையே அதைத் தூக்கச் சொல்வார். அப்படியொரு மனசு.

ஒரு வருஷம் பூவரசூருக்கும் நொச்சிக்குளத்துக்கும், ஊர் செழிக்கட்டும் என்று நூறு நூறு பொன் கொடுத்தார். பூவரசூர்ப் பொன்னை வாங்கியவர் அரண்மனை அதிகாரி கனகசபாபதி. நொச்சிக்குளத்துப் பொன்னை வாங்கியவன் ஊர்த்தலைவன் சடையாண்டி.

வருஷம் திரும்பியதும் ராஜா கேட்டார்: "என் பொன் எங்கே எப்படி வேலை செய்தது?"

கனகசபாபதி முந்திக்கொண்டார். "இருபது முழ உயரத்தில் தோரண வாயில் கட்டியிருக்கிறேன் மகாராஜா! உச்சியில் உங்கள் திருநாமம். நொச்சிக்குளத்தில் போய்ப் பாருங்கள், வெறும் பள்ளம்தான் இருக்கிறது. பள்ளம் பறிக்க நூறு பொன்னா? விழுங்கிவிட்டான்!"

"ஏரியைத் தூர் வாரினோம் மகாராஜா..." என்றான் சடையாண்டி.

"இதை எதைக் கொண்டு அளப்பது?" என்றார் ராஜா.

"உயரத்தைக் கொண்டுதான்!" என்றார் கனகசபாபதி. "எது உயர்ந்ததோ அதுவே நல்ல செலவு."

"பலே! உயரமே அளவு! ஒரு முழம் குறைந்தாலும் சடையாண்டியின் நிலம் பறிமுதல், அவனுக்குச் சிறை!"

சடையாண்டி மந்திரி திருமேனியாரைப் பார்த்தான். ஏழைக்காகப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். அவரோ சிரித்துக்கொண்டே, "அருமையான அளவு மகாராஜா. நானும் சம்மதிக்கிறேன்" என்றார். தோண்டிய பள்ளத்துக்கு ஏது உயரம்?

மூன்றாம் நாள் எல்லோரும் புறப்பட்டார்கள். பூவரசூரில் தோரண வாயிலை அளந்தார்கள். சரியாக இருபது முழம். ராஜா பூரித்துப்போய், "தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொண்டு வாருங்கள்" என்றார். கிணற்றுக்குள் கயிறு போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. முப்பது முழம் போய், கடைசியில் அரைக் குடம் சேறு வந்தது. ராஜா முகம் சுளித்தார்.

நொச்சிக்குளத்தில் வீராயி என்ற பெண் நாலு முழக் கயிற்றை விட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் தெளிந்த தண்ணீர் வந்துவிட்டது. ராஜா வயிறு முட்டக் குடித்தார்.

"ஏனம்மா, கயிறு இவ்வளவு குட்டை?" என்று கேட்டார் திருமேனியார்.

"இதுவும் முப்பது முழம் இருந்ததுதான் சாமி. ஏரியில தண்ணி நின்னதும் கிணத்துல தண்ணி மேல ஏறுச்சு. ஏற ஏற அறுத்துட்டோம்."

"அறுத்த கயிறெல்லாம்?"

"நாலு துண்டுல நாலு கன்னுக்குட்டியக் கட்டிருக்கோம். ஒண்ணுல எம்பிள்ளைக்குத் தூளி கட்டிருக்கேன்."

"எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டு வா, தாயே!"

கன்றுகள் துள்ளி ஓடின. தூளியிலிருந்த பிள்ளையை வைக்க இடமில்லாமல் வீராயி பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்தாள், நின்றவர் ராஜா. துண்டுகளை வரிசையாகத் தரையில் போட்டு அளந்தார்கள்.

"இருபத்தாறு முழம்!" என்றார் திருமேனியார். "தோரணம் உயர்ந்தது இருபது முழம். தண்ணீர் உயர்ந்தது இருபத்தாறு. செலவு இரண்டுக்கும் நூறு பொன்தான் மகாராஜா."

"இது கிணற்றுக்குள்ளே அல்லவா..." என்று இழுத்தார் கனகசபாபதி.

"உயரம் என்றுதானே சொன்னீர்? வெளியே என்று சொல்லவில்லையே!" ராஜா போட்ட சத்தத்தில் பிள்ளை வீறிட்டது. அவரே குரலைத் தணித்து, பிள்ளையைத் தட்டிக்கொண்டே, "உம் சொந்தச் செலவில் பூவரசூர் ஏரியைத் தூர் வாரும். அது முடிகிற வரைக்கும் அந்த ஊருக்கு நீரே தண்ணீர் இறைக்க வேண்டும்" என்றார்.

"சடையாண்டி, உன் பெயரில் ஒரு தோரண வாயில்..."

"ஐயோ, வேண்டாம் மகாராஜா!"

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். "சரி, இனி இந்தப் பக்கத்து ஏரிகளுக்கெல்லாம் நீயே பொறுப்பு. பொன்னை நான் தருகிறேன்."

சடையாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மூன்று நாளாக நெஞ்சை அடைத்திருந்த கல் கரைந்து கண் வழியே வழிந்தது. பிறகு எழுந்து ஒரே ஓட்டமாக வீட்டுக்குப் போனான். வாசலில் அவன் மனைவி அங்கம்மாள் முகம் வெளிறி நின்றாள்.

"என்னய்யா ஆச்சு? சொல்லேன்!"

"முதல்ல சோத்தைப் போடு புள்ள. மூணு நாள் பசி!"

அங்கம்மாளுக்கு அதிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. உள்ளே ஓடி இலையைப் போட்டாள். அவன் சாப்பிட்டு முடிக்க வெகு நேரம் ஆயிற்று என்கிறார்கள்.