கொடும்பாவிக்குப் போன வைக்கோல்

மலைக்குக் கிழக்கே, மேகம் வழிமறந்துபோன ஒரு சீமையை முன்னொரு நாளில் ஒரு ராசா ஆண்டான். நல்லவன். அப்படித்தான் அவனே சொல்லிக்கொண்டான்.

அந்தச் சீமையில் சிலம்பாயி என்றொருத்தி இருந்தாள். புருஷனைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. மிச்சம், வானம் பார்த்த துண்டு நிலம், கலயத்தில் விதைச்சாமை, மயிலை என்றொரு காளை. பக்கத்து வீட்டுக் காத்தானின் ஒற்றை மாட்டோடு அதை ஜோடி சேர்த்துத்தான் உழவு. மழை விழுந்ததும் ஏர் பூட்டிவிட வேண்டும். ஈரம் யாருக்கும் காத்திருக்காது. ஆகவே அவள் தன் கூழைக் குறைத்தாளே தவிர, மாட்டின் வைக்கோலைக் குறைக்கவில்லை. "நீ நின்னாத்தான்டா நான் நிப்பேன்" என்பாள் அதனிடம்.

ஓராண்டு மழை பொய்த்தது. மறு ஆண்டும் பொய்த்தது. மூன்றாம் ஆண்டு ஜனங்கள் அரண்மனை வாசலில் வந்து நின்றார்கள்.

ராசா மந்திரியைப் பார்த்தான். "ஊரில் எவனோ பெரும்பாவி இருக்கிறான், பிரபு. கொடும்பாவி கட்டி இழுத்துக் கொளுத்தினால் மழை வரும்" என்றான் மந்திரி. அரண்மனைக்குச் செலவில்லாத யோசனை. பிடிக்காமல் போகுமா?

வீட்டுக்கு ஒரு கட்டு வைக்கோல் என்று தண்டோரா போட்டார்கள். ஆளுயரப் பொம்மை கட்டி இழுத்தார்கள், மாரடித்தார்கள், கொளுத்தினார்கள். புகைதான் வந்தது.

"பாவி சின்னதாகப் போய்விட்டான்" என்றான் மந்திரி. வீட்டுக்கு இரண்டு கட்டு. பனையுயரப் பொம்மை. மறுபடியும் புகை.

மூன்றாம் முறை கோபுர உயரம். கொடுக்க வைக்கோல் மிஞ்சாத சிலம்பாயியின் வீட்டில், சேவகர்கள் கூரை வைக்கோலையே பிடுங்கினார்கள்.

"மாடு என்னத்தத் திங்கும்?"

"மழை வந்தா புல்லு முளைக்கும். அதைத் திங்கட்டும்."

"அதுவரைக்கும் உன் தலப்பாவ அவுத்துப் போடவா?"

அவர்கள் பொம்மையை இழுக்க மயிலையையும் சேர்த்து ஓட்டிப்போனார்கள்.

எலும்பும் தோலுமாக இழுத்துவந்த மயிலை, அரண்மனை வாசலில் நின்றது. திரும்பியது. கொடும்பாவியின் காலிலிருந்து ஒரு வாய் வைக்கோலைப் பிடுங்கிக்கொண்டு படுத்துவிட்டது.

"அபசகுனம்! இந்த மாட்டை வெட்ட வேண்டும்" என்று கத்தினான் மந்திரி. மாட்டின் பின்னாலேயே ஓடிவந்திருந்த சிலம்பாயி குறுக்கே விழுந்தாள்.

ராசா மீசையைத் தடவினான். "அந்தப் பாவி யாரென்று நீ சொல். சரியாகச் சொன்னால் மாட்டை விடுகிறேன்."

"இந்தப் பொம்மையில எங்க எல்லார் வீட்டு வைக்கோலும் இருக்கு, ராசா. உங்க குதிரைலாயத்து வைக்கோல் ஒரு துரும்பு இருக்கா? மழை உங்க கையில இல்ல. போர் போரா அடுக்கி வச்ச வைக்கோல் உங்க கையிலதான இருந்துச்சு?"

ராசாவின் முகம் சுண்டியது. பிறகு ராசாக்கள் தப்பித்துக்கொள்கிற மாதிரியே சிரித்தான். "ஆகா, என்ன அறிவு!" என்று ஒரு பட்டுச் சால்வையை எடுத்து அவள் தோளில் போர்த்தினான். "மாட்டை அவிழ்த்து விடுங்கள்!"

அவிழ்த்தார்கள். அது எழுந்திருக்கவில்லை. வாயில் வைக்கோல் மெல்லாமல் கிடந்தது. பொம்மையைக் கொளுத்த மட்டும் யாரும் மறக்கவில்லை.

அடுத்த வாரம் மழை கொட்டியது. மந்திரிக்குப் பொற்கிழி கிடைத்தது.

சிலம்பாயி அந்தச் சால்வையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, காத்தானின் மாட்டுக்குப் பக்கத்தில் நுகத்தடிக்குத் தன் கழுத்தைக் கொடுத்தாள். பட்டு அதற்காவது உதவியது. பாதி நிலம் உழுவதற்குள் ஈரம் போய்விட்டது.

கேட்டவர்கள் மனதில் வையுங்கள்: மழை பொய்த்தால் ஒரு போகம் போகும், பழிபோட ஆள் தேடுகிற அரசன் வாய்த்தால் அடுத்த போகமும் சேர்ந்து போகும்.