எதிரணியின் கோல்

"எதிரணி கோல் போட்டா என் குரல் செத்துப் போகுது அக்கா" என்றான் டார்வின்.

வானொலியில் கால்பந்து வர்ணனை செய்ய வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சொந்த ஊர் அணி ஆடும்போதெல்லாம் ஒருபக்கமாகப் பேசுகிறான் என்று நேயர்கள் நிலையத்துக்குப் போன் போட்டு அவனைத் திட்டினார்கள். இன்றைய இறுதி ஆட்டத்திலும் அப்படித்தான் என்றால் இனி மைக் கிடையாது என்று நிலைய இயக்குநர் சொல்லிவிட்டார்.

"ஊர்ப்பாசத்தை எப்படி அக்கா விடுறது?"

அவனுக்கு வர்ணனை சொல்லிக் கொடுத்தவர் புளோரா. அவருக்கும் அதே ஊர்தான்.

"முதல் பாதி நான் பேசுறேன். நீ பக்கத்துல இரி."

ஊர் அணியின் கோல்கீப்பர் ரெஜின், புளோராவின் மகன். டார்வினுக்கு அது தெரியும்.

இடைவேளைக்குச் சற்று முன் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது.

டார்வின் மைதானத்தைப் பார்க்கவில்லை. புளோராவின் முகத்தையே பார்த்தான்.

"அபிஷ் ஓடி வருகிறார்... அடித்தார்... கோல்! கீப்பர் இடது பக்கம் பாய்ந்தார், பந்து வலது மூலையில்! அடடா, என்ன ஒரு உதை! இந்தக் காலுக்கு ஒரு கும்பிடு போடலாம் நேயர்களே!"

இடைவேளை வந்தது. ஒலிபரப்பைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்தது. நிலையத்தில் பாட்டுப் போட்டார்கள்.

புளோரா எழுந்து போய், மைதானத்தைப் பார்த்திருந்த வர்ணனை அறையின் ஜன்னலைப் படபடவென்று தட்டினார்.

"ஏலே ரெஜினே! கண்ணை எங்கலே வச்சிருந்த? வீட்டுக்கு வா, மீன்கறி கிடையாது உனக்கு!"

டார்வினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்போ உங்களுக்கும் பாசம் விடல்ல!"

"அது எங்க விடும்?"

"பிறகு அந்த அபிஷை எப்படி அக்கா வாயாரப் புகழ்ந்தீங்க?"

புளோரா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"அவனுக்கும் ஒரு அம்மா உண்டும்லா. ரேடியோவைக் காதுல வச்சுட்டு இருப்பா."

விளக்கு எரிந்தது. மைக்கை அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

ஆட்டம் முடியப் போகும் நேரம். அபிஷ் ஒருவரைத் தாண்டினான். இன்னொருவரைத் தாண்டினான். டார்வின் எழுந்து நின்றுவிட்டான்.

"கோ...ல்! அபிஷ்! பந்து அவர் காலோடு ஒட்டிக்கொண்டே வந்தது! கீப்பர் நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை! இப்படி ஒரு கோலைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்! அபிஷ் வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவர்களே..."

புளோரா மைக்கைக் கையால் பொத்தினார்.

"போதும்லே மக்கா. கீப்பரைப் பெத்தவ இங்க இருக்கேன்."